இரண்டாவது கேசட்

ஜன்னல் திரையை மாட்டுவதற்காக மனைவி ஸ்டூல் மேல் ஏறினாள். அந்த ஸ்டூல் அவளைவிட மூத்தது. அது முதலில் விழுந்தது, பிறகு அவள் விழுந்தாள், இடது கால் முறிந்தது. எலும்பு டாக்டர் மாவுக்கட்டு போட்டு, கட்டிலை விட்டு அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவளோ பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பாளர். வலியோடு வருகிறவர்களை "உட்காருங்க, உட்காருங்க" என்று அதட்டி உட்காரவைத்தே பழகியவள். அவளையே உட்காரவைத்தால் சும்மா இருப்பாளா? கால் வலி அவளுக்கு, தலைவலி வீட்டுக்காரருக்கு என்று ஆகிவிட்டது.

வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலுக்கடியில் இருக்கிற உபரி பிரேக்கை அழுத்திக்கொண்டே காலம் தள்ளுகிறவர் என்பதால் ஊரில் அவருக்கு பிரேக் மாஸ்டர் என்று பெயர். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கி வண்டி பழகியவர்கள். மனைவி மட்டும் பழகவில்லை. கல்யாணமான புதிதிலிருந்தே "எனக்கும் கத்துக்கொடுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மழைக்காலம் முடியட்டும் என்பார். புது வண்டி வரட்டும் என்பார். முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்படி முகத்தில் அடித்தாற்போல் பேசுகிறவர் அல்ல அவர். உள்ளுக்குள் அவருக்குப் பயம். பெண்டாட்டிக்கு வண்டி கற்றுக்கொடுக்கப் போய், பாதி வழியில் ஆளுக்கொரு பஸ் பிடித்து வீடு திரும்பிய கணவன்மார்களை அவர் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறார். இன்னொன்றும் உண்டு. எங்கே போவதானாலும் அவள் தன்னைத்தான் கூப்பிட வேண்டும் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

படுத்திருப்பவளுக்குப் பொழுது போக வேண்டுமே என்று பரணில் கிடந்த பழைய வீடியோ டெக்கை இறக்கித் துடைத்தார். கேசட்டுக்கு எங்கே போவது? நகர நூலகத்தில், வீட்டில் போட்டுப் பார்க்கக் கேசட் இரவல் தருகிற இல்லத் திரைப்படப் பிரிவு என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. போய், கைக்கு அகப்பட்ட ஒரு துப்பறியும் படத்தை எடுத்து வந்தார்.

படம் பிரமாதம். ஒரு மில் முதலாளி தன் பங்களாவிலேயே செத்துக் கிடக்கிறார். சந்தேகம் இரண்டு பேர் மேல், கூடப் பிறந்த தம்பி ஒருவன், குடும்ப டாக்டர் ஒருவர். துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்தில் நிற்கவைத்து, "கொலை செஞ்சவர் இந்த ரூம்லதான் இருக்கார்" என்று விரலைத் தூக்கினார். விரல் யார் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பதற்குள் திரை வெளுத்து, "தொடர்ச்சி இரண்டாவது கேசட்டில்" என்று எழுத்து வந்தது.

"டாக்டர்தான்" என்றாள் மனைவி.

"தம்பி. அவன் முழியே சரியில்ல."

"நான் எத்தனை டாக்டரைப் பார்த்தவ! பந்தயம் வெச்சுக்கலாமா? டாக்டர்னா நீங்க எனக்கு வண்டி கத்துக்கொடுக்கணும். கட்டு பிரிச்ச மறு வாரமே."

"தம்பின்னா?"

"தம்பின்னா, இந்த ஜென்மத்துல உங்ககிட்ட அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

இவ்வளவு சல்லிசாகத் தொல்லை தீருகிறதென்றால் யார் விடுவார்கள்? பிரேக் மாஸ்டர் கையடித்துக் கொடுத்தார். மறுநாள் காலை முதல் ஆளாக நூலகத்தில் நின்றார்.

இல்லத் திரைப்படப் பிரிவில் குளிர் எலும்பைக் குத்தும். கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஏசி போட்டிருந்தார்கள். கவுண்டரில் இருந்த அம்மா ஸ்வெட்டர், மஃப்ளர், கையுறை சகிதம் உட்கார்ந்திருந்தார். சுவரில் "ரீவைண்ட் செய்து திருப்பித் தரவும்" என்று எழுதியிருந்தது.

"ரெண்டாவது கேசட் வேணும்" என்றார் மாஸ்டர்.

"அது வாங்கலைங்க."

"அப்போ இது பாதிப் படமா?"

"இல்லைங்க, முழு கேசட்." அந்த அம்மா விளக்கினார். முதல் கேசட்டை வாங்கி, இரண்டாவதை வாங்குவதற்குள் இந்த வகைக் கேசட் தயாரிப்பே உலகத்தில் நின்றுவிட்டது. நின்றுபோன வகையில் தொடர்ந்து படம் வாங்கலாமா, கூடாதா என்ற கேள்வி எழுந்தது. கேள்வியைக் கொள்முதல் ஆலோசனைக் குழுவுக்கு அனுப்பினார்கள். குழு தீர்மானிக்கும்வரை எதையும் வாங்கக் கூடாது.

"எப்போ தீர்மானிப்பாங்க?"

"கேள்வி போனப்போ எனக்குக் கல்யாணம் ஆகலை. இப்போ என் பொண்ணு காலேஜ் போறா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க குழுக் கூட்டத்துக்கு நேர்ல வந்து கேளுங்களேன். படம் வேணும்னு ஒருத்தரும் கேட்கலைங்கிறதுதான் அவங்க சொல்ற முதல் காரணம்."

அந்தப் படம் வேறு எந்த வடிவத்திலும் வரவில்லை. இணையத்திலும் இல்லை, மாஸ்டர் தன் மாணவர்களை விட்டுத் தேடச்சொல்லிப் பார்த்தாயிற்று. எனவே அடுத்த கூட்டத்துக்குப் போனார்.

குழுவில் நான்கு பேர். தலைவர், ஒரு பேராசிரியர், கணக்கு அதிகாரியான ஓர் அம்மாள், கட்டட இன்ஜினியர். உண்மையாகவே ஒரு பொதுஜனம் உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் நால்வரும் எழுந்து நின்றார்கள். இன்ஜினியர் அவரைத் தொட்டுக்கூடப் பார்த்தார்.

"ரெண்டாவது கேசட்..." என்று ஆரம்பித்தார் மாஸ்டர்.

"இருங்க. முதல்ல ரீவைண்ட்" என்றார் தலைவர்.

அதுதான் அந்தக் குழுவின் சம்பிரதாயம். கேசட்டை ரீவைண்ட் செய்து திருப்பித் தருவதுபோலவே கூட்டத்தையும் ரீவைண்ட் செய்துதான் தொடங்க வேண்டும் என்று தலைவர் முதல் கூட்டத்திலேயே விதி செய்திருந்தார். அதாவது, முதல் கூட்டத்திலிருந்து போன கூட்டம்வரை நடந்த அத்தனைக்கும் உரிய குறிப்புகளை கவுண்டர் அம்மா உரக்கப் படிக்க வேண்டும். ஆரம்ப காலத்தில் தேநீர் வருவதற்குள் படித்து முடித்துவிடுவார்களாம். போகப் போகக் குறிப்பு நீண்டுகொண்டே போனது, நேரம் நீளவில்லை. இப்போதெல்லாம் படித்துக்கொண்டிருக்கும்போதே கூட்டம் முடிந்துவிடுகிறது. படித்து முடிக்க முடியவில்லை என்பதும் ஒரு குறிப்பாக எழுதப்பட்டு, அடுத்த முறை அதையும் சேர்த்துப் படிக்கிறார்கள்.

ஆனாலும் அன்றைக்குப் பொதுஜனம் வந்திருந்ததால், இடையில் ஆளுக்குச் சில வார்த்தை பேசலாம் என்று தலைவர் பெரிய மனது பண்ணினார். முதல் ஆளாக அவரே பேசினார்.

"சிலர் கேட்கிறாங்க, தயாரிப்பே நின்னுபோச்சே, இன்னும் என்ன விவாதம்னு. நின்னுபோனதைப் பத்தித்தாங்க நிதானமா விவாதிக்க முடியும். ஓடிக்கிட்டிருக்கிறதைப் பத்திப் பேசினா, நாம பேசி முடிக்கிறதுக்குள்ள அது ஓடிப்போயிடும். பதறாத காரியம் சிதறாது. இத்தனை வருஷத்துல இந்தக் குழு தப்பா ஒரு தீர்மானம் போட்டிருக்குன்னு யாராவது காட்டட்டும் பார்ப்போம்!"

யாராலும் காட்ட முடியவில்லை. சரியாகப் போட்ட ஒன்றையும் காட்ட முடியாது என்று மாஸ்டருக்குத் தோன்றியது. ஆனால் அதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள்.

பேராசிரியர் எழுந்தார். "தொடர்ந்து வாங்கணும்னுதான் நான் சொல்வேன். இணையத்துல இருக்கிற படம் யாரோ ஒருத்தர் நினைச்சா நாளைக்கே காணாமப் போயிடும். கேசட் அப்படி இல்ல, நம்ம கையில இருக்கும். டெக் ரிப்பேரானாலும் கையில இருக்கும். பார்க்க முடியாது, அவ்வளவுதான். பார்க்கிறதுங்கிறது கேசட்டோட பல பயன்கள்ல ஒண்ணு."

"உங்ககிட்ட எத்தனை கேசட் இருக்கு சார்?" என்று மாஸ்டர் மரியாதையாகக் கேட்டார்.

"வீடு நிறைய இருக்கு. ஒண்ணைக்கூடப் பிரிச்சதில்ல" என்றார் பேராசிரியர் பெருமையாக.

கணக்கு அதிகாரி அலமாரிப் பிரச்சினையை எடுத்துவைத்தார். "கேசட் வரும்னு நம்பி அலமாரி செஞ்சோம். கேசட் வரல. அலமாரி ஏன் காலியா இருக்குன்னு தணிக்கையில கேட்டாங்க. சரின்னு கேசட்டோட உறைகளை மட்டும் வாங்கி அடுக்கினோம். கேசட் வாங்கத்தானே தடை, உறை வாங்கத் தடை இல்லையே. இப்போ அலமாரி நிறைஞ்சிருக்கு. இனிமே கேசட் வாங்கினா வைக்க இடம் கிடையாது."

"நான் புது அலமாரிக்கு இடம் அளந்துக்கிட்டிருக்கேன்" என்றார் இன்ஜினியர். அவர் பங்கு அத்தோடு முடிந்தது.

மாஸ்டர் பொறுமை இழந்தார். "ஐயா, என்கிட்ட வண்டி பழக வர்றவங்களுக்கு முன்னாடி போறதை மட்டும் சொல்லிக்கொடுத்துட்டு, திரும்புறதுக்கு அப்புறம் வாங்கன்னு அனுப்பினா செருப்பாலயே அடிப்பாங்க. வீட்டுல கால் உடைஞ்சு ஒருத்தி படுத்திருக்கா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

குழுவுக்கு மனம் இளகியது. கலந்து பேசி, இடைக்கால நிவாரணமாக இரண்டாவது கேசட்டின் உறையை வழங்கினார்கள்.

மனைவி அந்த வெற்று உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். முன்புறம் துப்பறிகிறவரின் முதுகு. பின்புறம், "தயவுசெய்து கதையின் மர்மத்தை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று அச்சிட்டிருந்தது.

"இதுக்கா வேலையை விட்டுட்டுப் போனீங்க?" என்று கேட்டாள். பிறகு தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். படத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைத்தெருவில் பழைய கேசட் விற்கிறவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, தேடிப் போய்க் கேட்டார். கடைக்காரர் கன்னத்தைக் கையால் தாங்கியபடி உட்கார்ந்திருந்தார். அலமாரியிலிருந்து அதே படத்தின் இரண்டாவது கேசட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். மாஸ்டருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனால் கடைக்காரர் கேசட்டின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"கொடுக்க முடியாதுங்க. நூலகத்துக்காக எடுத்து வெச்சிருக்கேன். வாங்கினாலும் வாங்குவோம், யாருக்கும் வித்துடாதீங்கன்னு எங்க அப்பா காலத்துலயே சொல்லிட்டுப் போனாங்க. வாங்குறோம்னு சொன்னா அவங்களுக்குக் கொடுப்பேன். வேண்டாம்னு சொன்னா உங்களுக்குக் கொடுப்பேன். ஒண்ணுமே சொல்லலைன்னா நான் என்ன செய்வேன்? வாக்கு கொடுத்தாச்சே."

வாங்கலாம் என்றாலும் படம் கிடைக்கும், வேண்டாம் என்றாலும் கிடைக்கும். ஏதோ ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் போதும். இது புரிந்ததும் மாஸ்டருக்குத் தெம்பு பிறந்தது. அடுத்த கூட்டத்தில் மேஜையைக் குத்துவது என்று முடிவு செய்து, படி இறங்கினார். அப்போது கடைக்காரர் பின்னாலிருந்து ஒரு வார்த்தை சொன்னார்.

"நல்ல படம் சார். அந்த டாக்டரா நடிச்சவர் கடைசி சீன்ல பிரிச்சு மேஞ்சிருப்பார்!"

மாஸ்டர் நின்றுவிட்டார். கடைசி சீனில் டாக்டருக்கு என்ன வேலை? குற்றவாளியைத் தவிர வேறு யாருக்குக் கடைசி சீனில் நடிக்க இடம் கொடுப்பார்கள்? வீடுவரை யோசித்துக்கொண்டே போனார். பந்தயம் போச்சு என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கட்டு பிரித்த மறு வாரம் அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி கண் முன்னே வந்தது.

"என்னங்க, கிடைச்சுதா?" என்றாள் மனைவி.

"பார்க்கலாம். குழு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

இதற்கிடையில் குழு அவரைப் பொதுமக்கள் பிரதிநிதியாக நியமித்திருந்தது. பொதுமக்களில் அவர் ஒருவர்தான் அகப்பட்டிருந்தார். அவருக்கென்று ஒரு நாற்காலியும், பெயர் எழுதாத ஒரு பெயர்ப்பலகையும் வைத்தார்கள்.

அவர் உறுப்பினராக உட்கார்ந்த முதல் கூட்டத்தில் யாரும் எதிர்பாராத ஒரு விபத்து நடந்தது. கவுண்டர் அம்மாவுக்கு, படுத்திருக்கிற அந்தப் பெண்ணை நினைத்து மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. குறிப்புகளை மூச்சு விடாமல், கமா புள்ளி பார்க்காமல், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்போல் படித்துத் தள்ளிவிட்டார். தேநீர் வந்தபோது படிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த இடத்துக்கு அவர்கள் வந்தே பல வருஷம் ஆகியிருந்தது.

"அப்படின்னா... ஓட்டெடுப்பா?" என்றார் தலைவர், கூச்சத்தோடு.

வாங்கலாம் என்று பேராசிரியர் கை தூக்கினார். பதற்றத்தில் தலைவரும் கூடத் தூக்கிவிட்டார். கணக்கு அதிகாரியும் இன்ஜினியரும் வேண்டாம் என்றார்கள். இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் பொதுமக்கள் பிரதிநிதியைப் பார்த்தார்கள். கவுண்டர் அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு, எழுதத் தயாராகப் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டார்.

ஒரு சொல் போதும். எந்தச் சொல்லானாலும் போதும். மாஸ்டர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"நான் இன்னைக்குத்தான் உறுப்பினராகியிருக்கேன். படிச்சது ரொம்ப வேகமாப் போயிடுச்சு, எனக்குச் சரியாக் காதுல விழலை. முறைப்படி எனக்காக இன்னொரு தடவை ரீவைண்ட் பண்ணணும்னு கேட்டுக்கறேன்."

தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "பிறவி உறுப்பினர்!" என்றார். பேராசிரியர் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். கவுண்டர் அம்மா மட்டும் பேனாவை மூடிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அவர் காட்டில் மழை. தொழிலில் பழகிய கால் ஒன்று அவருக்கு இருந்ததே, அது இங்கே நன்றாகப் பயன்பட்டது. யாராவது கொஞ்சம் வேகமெடுத்தால் போதும், "டெக் ரிப்பேர்காரங்க கருத்தைக் கேட்க வேண்டாமா?" என்பார். "உறைக்கு மட்டும் தனியா ஒரு துணைக்குழு போட்டா என்ன?" என்பார். சீக்கிரமே துணைத் தலைவர் ஆனார். வீட்டில் அவர் குறட்டைகூட நிதானமாகிவிட்டது.

"முடிவாச்சா?" என்று மனைவி கேட்பாள்.

"முக்கியமான கட்டத்துல இருக்கு" என்பார்.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். ஊன்றுகோல் வந்தது, போனது. அவள் கிளினிக்குக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் கொண்டுபோய் விடவும் சாயங்காலம் கூட்டிவரவும் மாஸ்டர் தவறாமல் வந்து நின்றார். அப்புறம் ஒரு கட்டத்தில் அவள் முடிவாச்சா என்று கேட்பதையே விட்டுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் குற்றவுணர்ச்சியும், நிறைய நிம்மதியும் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாஸ்டர் கூட்டத்துக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மனைவி கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும். டாக்டர் இல்லீங்க. தம்பிதான்."

"எந்தத் தம்பி?"

"மில் முதலாளியோட தம்பி. அவன்தான் கொலை பண்ணினவன். கேசட் கடைக்காரர் பல் வலின்னு எங்க கிளினிக்குக்கு வந்தார். டாக்டர் ஊசி போட்டு வாய் மரத்துப்போறதுக்கு முன்னாடி கேட்டுடுவோம்னு கேட்டுட்டேன். அரை நிமிஷம்கூட ஆகலை."

மாஸ்டர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அப்போ அந்த டாக்டர்? கடைசி சீன்ல அவர்தானே..."

"கடைசி சீன்ல அவர் செத்துப்போறாராம். ரொம்ப நல்லா செத்திருப்பாராம். அது இருக்கட்டும், உங்களுக்கு எப்படித் தெரியும் கடைசி சீன்ல டாக்டர் வர்றார்னு?"

அவர் சட்டையை மறுபக்கம் திருப்பிப் போட்டார். அவள் பதிலுக்காக நிற்கவில்லை.

"நீங்க சொன்னதுதான் சரி. பந்தயத்துல ஜெயிச்சிட்டீங்க. நீங்களே கேசட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டி, என்னைக் கேலி பண்ணிச் சிரிப்பீங்கன்னு எவ்வளவோ நாள் பார்த்தேன். சேர்ந்து உட்கார்ந்து பார்க்கணும்னு இருந்தது." சீப்பிலிருந்த முடியை உருவினாள். "போகட்டும். வார்த்தைன்னா வார்த்தை. வண்டி கத்துக்கொடுங்கன்னு இனிமே உங்ககிட்ட கேட்க மாட்டேன்."

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. மாஸ்டர் எட்டிப் பார்த்தார். மார்க்கெட் பக்கத்தில் ஓர் அம்மாள் நடத்துகிற இன்னொரு டிரைவிங் ஸ்கூலின் வண்டி.

"இது எப்போலேர்ந்து?"

"மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலதான் பழகறேன். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ரோடு காலியா இருக்கும்னு காலையிலயே வரச்சொன்னாங்க."

"நானே கத்துக்கொடுக்கிறேன்" என்றார் மாஸ்டர். சட்டை போடாமலே வாசல்வரை பின்னால் வந்துவிட்டார். "நிஜமாத்தான் சொல்றேன். மழையெல்லாம் பார்க்க வேண்டாம். நாளைக்கே ஆரம்பிக்கலாம்."

"நாளைக்கு எனக்கு கிளாஸ் இருக்கே" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மாஸ்டர் வாசலிலேயே நின்றார். அவள் இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பின்பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் கைகட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கிளம்பி, தெருமுனையில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, திரும்பியது. நன்றாகத்தான் ஓட்டினாள். யாரோ நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.